எக்ஸ்ரேயில் நிழல் விழுந்த பிறகு
நுரையீரல் புற்றுநோயாளிகளும் குடும்பத்தாரும் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் முதல்வர்கள், காப்பீட்டுத் திட்ட அலுவலர்கள், தனியார் மருத்துவமனை நிர்வாகங்கள், எங்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்கள், செவிலியர்கள்.

நுரையீரலில் புற்று என்று கண்டறியப்பட்டவர்கள் நாங்கள். எங்களில் சிலருக்கு நுரையீரலின் ஒரு மடலை எடுத்துவிட்டார்கள். சிலர் ஆபரேஷன் தேதிக்காகக் காத்திருக்கிறார்கள். சிலருக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவையோ மனைவியையோ இந்த நோய்க்குப் பறிகொடுத்துவிட்டு, அவர்களுடைய ஃபைலை இன்னும் பீரோவில் வைத்திருப்பவர்களும் எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள். லேத் பட்டறைக்காரர், சத்துணவு அமைப்பாளர், ஓய்வுபெற்ற நடத்துநர், நூற்பாலைத் தொழிலாளி, வாழ்நாளில் பீடியைக் கையால் தொடாத குடும்பத்துப் பெண்கள் என்று பல திக்கிலிருந்து வந்தவர்கள்.

மருத்துவர்களின் திறமையில் எங்களுக்குக் குறையில்லை. 1928 முதல் தாம்பரம் சானடோரியத்தில் நெஞ்சக நோய்க்கென்றே மருத்துவமனை இயங்கிவருகிறது. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். கருவியும் கைத்திறனும் இந்த மாநிலத்தில் உண்டு. எங்கள் குறை ஒன்றுதான்: எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்த நாளுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் நாளுக்கும் நடுவே ஓடுகிற வாரங்களுக்கு இங்கே யாருமே பொறுப்பில்லை. ஸ்கேன் எடுப்பவர், சதை எடுப்பவர், அதைச் சோதிப்பவர், காப்பீட்டுக்கு ஒப்புதல் தருபவர் என்று ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செய்துவிடுகிறார்கள். ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு அலைகிற நேரத்தில் நோய் முற்றிவிடுகிறது.

முற்றுவதன் விலை என்ன என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நுரையீரல் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் பல நாட்டு நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து, நோயின் நிலைகளை வகுத்திருக்கிறது. எட்டாம் பதிப்பின்படி, முதல் நிலையின் முதல் படியில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஐந்து ஆண்டு கடந்தும் உயிரோடிருப்பவர்கள் நூற்றுக்கு 92 பேர். மூன்றாம் நிலையின் முதல் படியில் அது 36. நம் நாட்டில் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் நிலையில்தான் மருத்துவமனை வந்து சேர்கிறார்கள். அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி உடம்பின் விதி. மறுபகுதி நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அந்த மறுபகுதியைப் பற்றியது இந்தச் சாசனம்.

டி.பி. என்று முடிவுகட்டும் முன்

இருமல், எடைக் குறைவு, பசியின்மை, சளியில் ரத்தம். காசநோய்க்கும் நுரையீரல் புற்றுக்கும் இவை பொது. காசநோய் மிகுந்த நாட்டில் மருத்துவருக்கு முதலில் காசநோய் நினைவுக்கு வருவதைக் குறைசொல்ல மாட்டோம். சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும், "எதுக்கும் ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டுப் பாருங்க" என்று தொடங்கிவிடுகிறார்களே, எங்களில் பலரைக் கவிழ்த்தது அதுதான்.

நெல் அரவை மில்லில் வேலை பார்த்த ஒருவர் எங்களோடு இருந்தார். காசநோய் மருந்தில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று உண்டு. அதைச் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அந்த நிறத்தைப் பார்த்து, மருந்து வேலை செய்கிறது என்று தினமும் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வேளை தவறாமல் மாத்திரையை முடித்தார். முடித்த பிறகு எடுத்த சி.டி. ஸ்கேனில் கட்டி நெஞ்சின் நடுப்பகுதி நிணநீர்க் கணுக்கள் வரை போயிருந்தது. அறுத்தெடுக்கும் வாய்ப்பு அந்த ஆறு மாதத்தில் கரைந்துபோனது.

ஆகவே கோருகிறோம்: சிபிநாட், ட்ரூநாட் போன்ற மரபணுச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தவருக்கு, வயது நாற்பதைத் தாண்டியிருந்தாலோ சளியில் ரத்தம் வந்தாலோ, சி.டி. ஸ்கேன் எடுக்காமல் காசநோய் மருந்து தொடங்கக் கூடாது. வேறு வழியின்றித் தொடங்கினாலும், முதல் இரண்டு மாத மருந்து முடிந்து மாத்திரை மாறுகிற அன்றே மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நிழல் சுருங்கவில்லையென்றால் ஒரு வாரத்துக்குள் சி.டி. எடுத்தாக வேண்டும். காசநோயாளி ஒவ்வொருவரின் விவரமும் நிக்ஷய் இணையத்தில் பதிவாகிறது. இரண்டாம் மாத எக்ஸ்ரே என்ன சொன்னது என்பதையும் அதில் கட்டாயப் பதிவாக்குங்கள். இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை, புது நிதியும் பெரிதாகத் தேவைப்படாது.

நாட்களுக்கு ஒரு பொறுப்பாளர்

சி.டி.யில் கட்டி தெரிந்த பிறகு என்னென்ன நடக்க வேண்டும் என்று அனுபவப்பட்டவர்களாகச் சொல்கிறோம். ஊசி போட்டோ குழாய் விட்டோ சதைத் துணுக்கு எடுக்க வேண்டும். அது புற்றா, எந்த வகைப் புற்று என்று நோய்க்குறியியல் துறை சொல்ல வேண்டும். உடம்பில் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பெட் ஸ்கேன் பார்க்க வேண்டும். மூளைக்குப் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். நெஞ்சுக்கூட்டின் நடுவே உள்ள கணுக்களைச் சோதிக்கச் சிலருக்கு எண்டோஸ்கோப் வழியாக ஊசி விட வேண்டும். இத்தனையும் ஒரே ஊரில் கிடைப்பது அபூர்வம். ராமநாதபுரத்துக்காரர் மதுரைக்கும் கிருஷ்ணகிரிக்காரர் பெங்களூருக்கும் ஓடுகிறார்கள். ஒன்று முடிந்து இன்னொன்றுக்குத் தேதி கிடைப்பதற்குள் முதலில் எடுத்த ஸ்கேன் பழசாகிவிடுகிறது. "இது பழைய ஸ்கேன், புதுசா எடுத்துட்டு வாங்க" என்ற வார்த்தையைக் கேட்காதவர்கள் எங்களில் குறைவு.

மெழுகில் பதித்த எங்கள் சதைத் துணுக்கையும் கண்ணாடிச் சில்லுகளையும் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு எங்கள் கையிலேயே கொடுத்து, இன்ன லேபுக்குக் கொண்டுபோங்கள், வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நோய் என்ன என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அது. அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் நின்றபடி பயணம் செய்திருக்கிறோம். தொலைந்தால் மறுபடி நெஞ்சில் ஊசி ஏற வேண்டும்.

இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை, புற்றுநோய்ச் சந்தேகத்தில் அவசரமாக அனுப்பப்பட்டவருக்கு 62 நாளுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறது. அந்தக் கெடு அங்கே பல நேரம் தவறுகிறது. தவறும்போது எத்தனை பேருக்குத் தவறியது என்ற கணக்கு வெளியே வருகிறது, அமைச்சரிடம் கேள்வி கேட்கிறார்கள். இங்கே கெடுவே இல்லாததால் தவறு என்று சொல்லக்கூட இடமில்லை.

கோருகிறோம்: சி.டி.யில் சந்தேகம் எழுந்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று அரசாணை பிறப்பியுங்கள். ஒவ்வொரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நெஞ்சகப் பிரிவுக்கென ஒரு வழிகாட்டிச் செவிலியரை நியமியுங்கள். அவர் கையில் ஒரு கைபேசி, ஒரு பதிவேடு, தேதி வாங்கித்தரும் அதிகாரம் மூன்றும் இருக்க வேண்டும். சதைத் துணுக்கை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவது மருத்துவமனையின் வேலையாக இருக்கட்டும். அறுவை மருத்துவர், நெஞ்சக மருத்துவர், ஸ்கேன் நிபுணர், நோய்க்குறியியல் மருத்துவர், புற்றுநோய் மருத்துவர் எல்லோரும் வாரம் ஒருமுறை கூடி உட்கார்ந்து எங்கள் ஃபைலைப் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டத்தின் முடிவை எழுத்தில் எங்களுக்குத் தர வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதிமுறையே சொல்கிறது. அந்த விதி வெறும் ஏட்டில் இருக்கக் கூடாது.

எங்களிடமே சொல்லுங்கள்

இதைக் குடும்பங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்." மகன்கள் சொல்கிறார்கள், மருமகன்கள் சொல்கிறார்கள், கதவுக்கு வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள். பாசத்தில் சொல்வது எங்களுக்குத் தெரியாததில்லை. மருத்துவரும் தலையாட்டிவிடுகிறார். அதன்பின் நோயாளியைச் சுற்றி எல்லோரும் நடிக்கத் தொடங்குகிறார்கள். "சின்னக் கட்டி", "சளி கட்டியிருக்கு", "எடுத்துட்டா சரியாயிடும்". எங்களில் ஒரு பெண்மணிக்குத் தன் நோய் இன்னதென்று தெரியவந்தது ஓர் ஆட்டோக்காரர் மூலமாக. மருத்துவமனையின் பேரைச் சொன்னதும், "கேன்சர் ஆஸ்பத்திரிதானேம்மா?" என்று அவர் திரும்பிக் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் வெளியே பார்த்துக்கொண்டார். வீடு திரும்பும்வரை இருவரும் பேசவில்லை. அடுத்து வந்த வாரங்களில், தனக்குத் தெரியும் என்பதை அம்மா மகனிடம் காட்டிக்கொள்ளவில்லை. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்பதை மகனும் காட்டிக்கொள்ளவில்லை. அந்த அம்மாவுக்கு வங்கிக் கணக்கில் ஒரு பெயர் சேர்க்க வேண்டியிருந்தது, தங்கையிடம் பேசித் தீர்க்க ஒரு பழைய மனத்தாங்கல் இருந்தது, ஆபரேஷனுக்கு முன் ஒருமுறை வேளாங்கண்ணிக்குப் போய்வர ஆசை இருந்தது. இவற்றை யாரிடம் சொல்வது?

பெண்களுக்கு இந்த அநியாயம் இரட்டிப்பு. வயது அறுபதானாலும், "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, மகனைக் கூட்டிட்டு வாங்க, அவங்ககிட்ட பேசறேன்" என்று அனுப்பிவிடுகிறார்கள். நெஞ்சு அவளுடையது, மூச்சு அவளுடையது. முடிவு மட்டும் கதவுக்கு வெளியே எடுக்கப்படுகிறது.

தெரிந்தால் பயப்படுவார்கள் என்பது உண்மை. பயந்தோம். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. தெரியாமல் இருந்தவர்கள் அதைவிட அதிகம் பயந்தார்கள், ஏனென்றால் வீட்டில் பேச்சு தாங்கள் வந்ததும் நிற்பதை அவர்கள் கவனித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றும் உண்டு. ஆபரேஷனுக்கு உடம்பைத் தயார்செய்ய வேண்டியவர் நோயாளி. எதற்காக என்று தெரியாதவர் எப்படி விடியற்காலையில் எழுந்து நடப்பார், எப்படிப் பீடியை விடுவார்?

சொல்லாமல் விடுகிற இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது. "கத்தி பட்டா பரவிடும்", "ஊசி குத்தினா முத்திடும்" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். ஊசி போன பாதையில் புற்று பரவுவது மிக மிக அரிது. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்யும்போது நோய் ஏற்கெனவே பரவியிருந்தது தெரியவருவது உண்டு. அதைப் பார்த்துவிட்டுத்தான் கத்தி பரப்பிவிட்டது என்கிறார்கள். 1933 ஏப்ரல் 5ஆம் தேதி அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர், ஜேம்ஸ் கில்மோர் என்ற மருத்துவரின் இடது நுரையீரல் முழுவதையும் புற்றுக்காக அகற்றினார். அப்படி அகற்றி நோயாளி பிழைத்தது அதுவே முதல்முறை. கில்மோர் அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டு ஒற்றை நுரையீரலோடு வாழ்ந்தார். அறுத்த கிரஹாம் 1957இல் அதே நுரையீரல் புற்றுநோயால் காலமானார். அறுக்கப்பட்டவர் அவருக்குப் பின்னும் இருந்தார். எங்கள் வார்டில் இதை ஒரு மருத்துவர் சொன்னபோது, ஆபரேஷன் வேண்டாம் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். கதை சொல்ல மருத்துவருக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

கோருகிறோம்: நோயின் பெயரை முதலில் நோயாளியிடம் சொல்ல வேண்டும். அவர் விரும்பினால் குடும்பத்தார் உடனிருக்கட்டும். "எனக்குத் தெரிய வேண்டாம், பிள்ளைகளிடம் பேசுங்கள்" என்று அவரே சொன்னால் அதையும் மதிக்க வேண்டும், அதைக் கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். ஓ.பி. கூட்டத்தின் நடுவே, அடுத்த நோயாளி முதுகில் இடித்துக்கொண்டு நிற்கும்போது சொல்லக் கூடாது. ஒரு தனி அறை, இரண்டு நாற்காலி, கால் மணி நேரம் போதும். நோயின் பெயர், நிலை, அடுத்து என்ன என்று தமிழில் எழுதிய ஒரு பக்கத்தைக் கையில் தர வேண்டும்.

பீடி பிடித்தீர்களா என்ற கேள்வி

வைத்தியத்துக்கு அந்த விவரம் வேண்டும், கேட்கட்டும். கேட்கிற தொனிதான் வலிக்கிறது. பிடித்தேன் என்று சொன்னவரிடம் "அப்ப அனுபவிங்க" என்ற பார்வை. பிடித்ததில்லை என்று சொன்னவரிடம் நம்பாத பார்வை. புகைக்காதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. நம் நாட்டில் அப்படிப்பட்டவர்களின் பங்கு சிறியதல்ல. காற்று மாசு புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் அறிவித்துவிட்டது. விறகடுப்புப் புகையில் முப்பது வருஷம் ஊதாங்குழல் ஊதியவர்கள், கல்நார்த் தூசியில் வேலை பார்த்தவர்கள், பிறர் விட்ட புகையை மூச்சிழுத்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். புகைத்தவர்களும் சட்டப்படி விற்ற பொருளை, சிறுவயதில் பழகி, விட முடியாமல் தவித்தவர்கள்தாம். யாருக்கும் இந்த நோய் தண்டனையாக வருவதில்லை.

ஆபரேஷனுக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே புகையை நிறுத்தினால் நெஞ்சில் சளி சேர்வதும் காயம் ஆறாமல் போவதும் குறையும். இன்று முதல் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டால் மட்டும் விட்டுவிட முடியாது. நெஞ்சகப் பிரிவிலேயே நிகோடின் மெல்லும் மாத்திரையும் ஆலோசகரும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். சிகரெட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் வார்டுச் சுவரில் எழுதிப்போடுங்கள்.

உடம்பைத் தயார்செய்யும் நாட்கள்

வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு. பெரும்பாலும் கட்டி இருக்கிற மடல் முழுவதையும் எடுத்துவிடுவார்கள். இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிய, ஓரத்தில் இருக்கும் சிறு கட்டிகளுக்கு மடலின் ஒரு கூறை மட்டும் எடுத்தாலே போதும் என்று 2022இல் வெளியான ஜப்பானிய ஆய்வு காட்டியிருக்கிறது. எதை எடுத்தாலும் மிஞ்சுகிற நுரையீரல் எங்களைத் தாங்குமா என்பதே கேள்வி. அதைத்தான் ஊதிப்பார்க்கும் பரிசோதனையும் மாடிப்படி ஏறவிட்டுப் பார்ப்பதும் சொல்கின்றன.

மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியை வாங்கிவரச் சொல்வார்கள். மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டு வந்தோம். எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் காட்டவில்லை. குழாயைப் பார்த்தால் ஊதத்தான் தோன்றும். ஊதினோம், பந்து அசையவில்லை. நுரையீரல் கெட்டுவிட்டது என்று மனம் நொந்தோம். மூச்சை மெதுவாக உள்ளே இழுத்தால்தான் பந்து எழும், எழுந்த பந்தைச் சில நொடி அப்படியே நிறுத்திப் பிடிக்க வேண்டும் என்பதை ஆபரேஷன் முடிந்து, நெஞ்சில் குழாயோடு, வலியில் கிடக்கும்போது இயன்முறை மருத்துவர் சொல்லித்தந்தார். அவரை மூன்று வாரம் முன்பே எங்களிடம் அனுப்பியிருக்கலாம். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினால் தையல் அவ்வளவாக வலிக்காது என்பதும், நெஞ்சுக் குழாய் வந்து சேரும் பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதும், அதில் குமிழி வந்தால் அலற வேண்டியதில்லை என்பதும் முன்பே தெரிந்திருந்தால் எத்தனையோ இரவுகள் நிம்மதியாகப் போயிருக்கும்.

அடுத்தது "ஃபிட்னஸ்", ஆபரேஷனை உடம்பு தாங்கும் என்ற சான்று. இதய டாக்டரிடம் ஃபிட்னஸ், சர்க்கரை டாக்டரிடம் ஃபிட்னஸ், மயக்க மருந்து டாக்டரிடம் ஃபிட்னஸ். ஒவ்வொருவருக்கும் ஓ.பி. கிழமை வேறு, கட்டடம் வேறு. எக்கோவுக்கு ஒரு நாள், ரத்தத்துக்கு ஒரு நாள், ரிசல்ட் வாங்க இன்னொரு நாள். மூச்சு வாங்குகிற நோயாளியை மூன்று மாடி ஏற்றி இறக்குகிறார்கள். தினக்கூலிக்குப் போகும் மகன் ஒவ்வொரு முறையும் கூலியை இழந்து உடன் வருகிறான்.

கோருகிறோம்: வாரத்தில் ஒரு நாள், ஒரே இடத்தில், இத்தனை ஃபிட்னஸும் முடியும்படி அறுவை முன் ஆயத்தப் பிரிவு வேண்டும். ஆபரேஷன் முடிவான அன்றே இயன்முறை மருத்துவர் பார்க்க வேண்டும். கருவியை மருத்துவமனையே தந்து, செய்துகாட்டி, எங்களைச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். எடை குறைந்தவருக்கு ஊட்டச்சத்து ஆலோசனையும் முட்டை, பருப்பு, பால் வாங்க உதவித்தொகையும் வேண்டும். காசநோயாளிக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துக்குத் தருகிறது. நெஞ்சைத் திறக்கப்போகிறவருக்கும் அதே நியாயம் உண்டு. ரத்தம் தர ஆள் கூட்டிவந்தால்தான் தேதி என்று தனியாக வந்தவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

பட்டினி பற்றியும் ஒரு வார்த்தை. முந்தின ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாடு நிறுத்தி, மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு "இன்னைக்கு தியேட்டர் இல்லை" என்று சொல்வது வாடிக்கையாகிவிட்டது. மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் முன்புவரை இலகுவான உணவும், இரண்டு மணி நேரம் முன்புவரை தண்ணீரும் பெரும்பாலானவர்களுக்குத் தரலாம் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதல். சர்க்கரை நோயாளிகளைக் காரணமின்றி நாள்முழுக்கப் பட்டினி போடாதீர்கள். ஒத்திப்போடப்பட்டவர் அடுத்த தியேட்டர் நாளில் முதல் ஆளாக உள்ளே போக வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

முந்தின நாள் இரவு, ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தை நீட்டி, விரல் வைக்கும் இடத்தைக் காட்டுவது ஒப்புதல் ஆகாது. என்ன செய்யப்போகிறார்கள், ஆபத்து என்ன, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று விளங்கச் சொல்லிப் பெறுவதே ஒப்புதல் என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தமிழ்ப் படிவம் வேண்டும். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பாவது கைக்கு வர வேண்டும். சிறு துளைவழி தொடங்கி நெஞ்சைத் திறக்க நேரலாம், ஒரு மடல் என்று தொடங்கி முழு நுரையீரலும் போகலாம் என்பதை ஒரு படம் வரைந்து காட்டிச் சொல்லுங்கள். இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்டு வருகிறோம் என்றால் முகம் சுளிக்காதீர்கள்.

பணம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அது இல்லாவிட்டால் எங்களில் ஆபரேஷன் ஆனவர்களில் பாதிப்பேர் தியேட்டர் வாசலையே பார்த்திருக்க மாட்டார்கள், நன்றியோடு சொல்கிறோம். ஆனால் வருமான வரம்பு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000. நகரத்தில் காவலாளி வேலை பார்ப்பவர்கூட அதற்கு மேல் வாங்கிவிடுகிறார். அந்த வரம்பைக் கொஞ்சம் தாண்டியவர்கள் நகையை அடகு வைத்து, பிறகு நிலத்தை விற்கிறார்கள். புற்றுநோய்க்கு இந்த வரம்பை நீக்குங்கள்.

அட்டை இருப்பவர்களுக்கும், நோய் இன்னதென்று உறுதியாவதற்கு முன் ஆகும் செலவு பெரும்பாலும் கைக்காசாகவே போகிறது. ஸ்கேன், சதைப் பரிசோதனை, மரபணுச் சோதனை, லாட்ஜ் வாடகை. சந்தேகம் எழுந்த நாளிலிருந்தே காப்பீடு பொறுப்பேற்க வேண்டும். காப்பீட்டு அப்ரூவல் மூன்று வேலை நாளுக்குள் வர வேண்டும். மறுத்தால் காரணத்தைத் தமிழில் எழுதித் தர வேண்டும். சிகிச்சைக்குப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ரயிலில் தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு, துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு. இது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டு, சதைப் பரிசோதனை ரிசல்டோடு சேர்த்தே கொடுத்தனுப்புங்கள். துணைக்கு வருபவர் வராந்தாவில் செய்தித்தாள் விரித்துப் படுக்காமல் இருக்க ஒரு தங்குமிடமும் கழிப்பறையும் வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பின்

வீட்டுக்கு அனுப்பும்போது கூப்பிட ஒரு எண் கொடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவரின் பட்டியலில் எங்கள் பெயரும் சேரட்டும். வலி மருந்தை எண்ணி எண்ணித் தராதீர்கள். வலித்தால் இரும மாட்டோம், இருமாவிட்டால் நெஞ்சில் சளி கட்டும், பிறகு நிமோனியாவுக்கு நீங்களே வைத்தியம் பார்க்க நேரும்.

எடுத்த கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணு மாற்றங்களைச் சோதிப்பது கட்டாயமாக வேண்டும். இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் ஆசியர்களில், அதிலும் புகைக்காதவர்களில் அதிகம். அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் ஓசிமெர்டினிப் மாத்திரை கொடுத்தால் உயிர் பிழைத்திருப்பது கூடுகிறது என்று 2023இல் வெளியான முடிவுகள் காட்டின: ஐந்தாண்டில் 88 சதவீதம், மாத்திரை பெறாதவர்களில் 78. நூற்றுக்குப் பத்து உயிர். ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டிய அந்த மாத்திரையைச் சம்பளக்காரக் குடும்பம்கூடத் தன் கைக்காசில் வாங்க முடியாது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி விலையைக் குறைப்பதில் நாட்டுக்கே வழிகாட்டி. இந்த மாத்திரையையும் அந்த வழியில் வாங்கித் தர வேண்டும்.

கத்தி வைக்க முடியாது என்று சொல்லப்பட்டவர்கள்

எங்களில் அதிகம் பேர் இவர்கள்தாம். "இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்ற வாக்கியத்தை மருத்துவமனைகளிலிருந்து ஒழித்துவிடுங்கள் என்று வேண்டிக்கேட்கிறோம். கீமோ உண்டு, கதிர்வீச்சு உண்டு, மாத்திரைகள் உண்டு. எதுவும் ஒத்துவராவிட்டாலும் மூச்சுத்திணறலையும் வலியையும் தணிக்க வழி உண்டு. மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கத்தான் 2014இல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். பத்தாண்டு தாண்டியும் மாவட்டத் தலைநகரை விட்டு விலகினால் அது கிடைப்பது அரிது. ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் மார்ஃபின் மாத்திரையும், அதை எழுதித்தரப் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரும் வேண்டும். ஏன் அறுவை இல்லை என்ற காரணத்தை நோயாளிக்கு எழுதிக்கொடுங்கள்.

நாங்கள் கேட்காதது

எல்லோருக்கும் சி.டி. எடுங்கள் என்று கேட்கவில்லை. அதிகம் புகைத்தவர்களுக்கு ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்தால் நுரையீரல் புற்று மரணம் 20 சதவீதம் குறையும் என்று 2011இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது உண்மை. காசநோய்த் தழும்பு மலிந்த நம் நெஞ்சுகளில் அப்படித் தேடினால் வீண் பயமும் வீண் ஊசியும் பெருகும் என்று மருத்துவர்களே தயங்குகிறார்கள். அதை ஆராய்ந்து முடிவு செய்யுங்கள். இருமலோடு ஓ.பி. சீட்டு வாங்கி ஏற்கெனவே உங்கள் முன்னால் வந்து நிற்கிறவரைத் தவறவிடாதீர்கள் என்பதே எங்கள் அவசரம்.

கணக்கு

ஒவ்வொரு மருத்துவமனையும் ஆண்டுக்கு ஒருமுறை நான்கு எண்களை வெளியிட வேண்டும்: எத்தனை பேருக்கு நுரையீரல் புற்று கண்டறியப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் காசநோய் மருந்து சாப்பிட்டவர்கள், சந்தேகத்திலிருந்து சிகிச்சைக்கு எத்தனை நாள் ஆனது, அறுவை செய்தவர்களில் முப்பது நாளுக்குள் எத்தனை பேர் இறந்தார்கள். தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும், காப்பீட்டுப் பணம் பெறுவதற்கு இதை நிபந்தனையாக்குங்கள். கணக்கைப் பார்க்கும் குழுவில் நோயாளிகளுக்கும் நோயாளிகளை இழந்த குடும்பங்களுக்கும் இடம் வேண்டும், அவர்களில் பாதி பெண்களாக இருக்க வேண்டும். குழு கூடும் நாளுக்குப் பயணப்படியும் அன்றைய கூலியும் தர வேண்டும். அரசாணைக்கும் முதல் கூட்டத்துக்கும் தேதி குறித்து எங்களுக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.